ஒரு வளையத்தின் கதை: பழைய ஸ்பீக்கர்கள் ஏன் உதிர்கின்றன?

செமஸ்டர் முடிந்து ஊருக்குப் போயிருந்தேன். தூத்துக்குடியில் பெரியப்பா வீட்டு மாடி அறையில் இரண்டு பெரிய மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் உண்டு. எண்பதுகளில் அவர் துபாயில் வேலை பார்த்தபோது வாங்கிக்கொண்டு வந்தவை. சின்ன வயதில் அந்தப் பக்கம் போனாலே "எலே, தொடாத!" என்று சத்தம் வரும். அவ்வளவு பத்திரம். இந்தமுறை போனபோது அவை வராண்டாவில் கிடந்தன. பழைய இரும்புக் கடைக்காரர் வருவதற்காகக் காத்திருந்தன. "கொரகொரன்னு கேக்கு, ஆயுசு முடிஞ்சுட்டுல்லா" என்றார் பெரியப்பா.

முன்பக்கத் துணியைக் கழற்றிப் பார்த்தேன். கோன் நன்றாகத்தான் இருந்தது. அதைச் சுற்றியிருந்த கறுப்பு வளையத்தை விரலால் தொட்டேன். விரல் உள்ளே போய்விட்டது! ஊறிய பிஸ்கட் மாதிரி அந்த வளையம் பிசுபிசுவென்று உதிர்ந்து கொட்டியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, நான்தான் உடைத்துவிட்டேனோ என்று. அப்புறம் தேடிப் படித்தபோது தெரிந்தது, உலகம் முழுக்க லட்சக்கணக்கான வீடுகளில் இதே வளையம் இதே மாதிரி உதிர்ந்திருக்கிறது. இதற்குப் பின்னால் நூறு வருட சரித்திரம் இருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சின்னப் பாடம்

ஸ்பீக்கர் வேலை செய்யும் விதம் பிளஸ் டூ இயற்பியல்தான். ஒரு காந்தம். அதன் இடைவெளியில் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று தொங்குகிறது. இதற்கு வாய்ஸ் காயில் என்று பெயர். ஆம்ப்ளிஃபயரிலிருந்து மின்சாரம் வந்தால் சுருள் முன்னும் பின்னும் நகர்கிறது. அதோடு ஒட்டியிருக்கும் காகிதக் கூம்பு, அதாவது கோன், காற்றைத் தள்ளுகிறது. நமக்குச் சத்தம் கேட்கிறது.

இதில் யாரும் கவனிக்காத சிக்கல் ஒன்று இருக்கிறது. கோன் அந்தரத்தில் நிற்க முடியாது. அதை எதுவாவது பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் இறுக்கிப் பிடித்தால் ஆடாது. சுருளுக்கும் காந்தத்துக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கோன் துளி சாய்ந்தாலும் சுருள் உரசும். ஆகவே இரண்டு இடத்தில் பிடிக்கிறார்கள். உள்ளே சுருளுக்குப் பக்கத்தில் ஒன்று, அதன் பெயர் ஸ்பைடர். ஆரம்ப காலத்தில் அதைச் சிலந்திக் கால்கள் மாதிரி வெட்டியிருந்ததால் அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. வெளியே கோனின் விளிம்பைச் சுற்றி இன்னொன்று, அதுதான் சரவுண்ட். நம் கதாநாயகன் இந்த வளையம்தான்.

தோல் வளையக் காலம்

1915-ல் கலிஃபோர்னியாவின் நாப்பா என்ற ஊரில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதாம் என்ற இருவர் நகரும் சுருளை ஒரு புனலோடு இணைத்து ஊருக்கே கேட்கிற மாதிரி ஒலிபெருக்கி செய்தார்கள். மேக்னவாக்ஸ் என்ற பெயர் அங்கே பிறந்ததுதான். ஆனால் வீட்டுக்குள் வைக்கிற மாதிரி, புனல் இல்லாத ஸ்பீக்கரின் தாய்மாதிரி 1925-ல் வந்தது. ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இரண்டு பொறியாளர்கள் அந்த வருடம் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைதான் இன்று உங்கள் வீட்டிலிருக்கும் எல்லா ஸ்பீக்கருக்கும் கொள்ளுத்தாத்தா.

அவர்கள் சொன்னதில் முக்கியமான விஷயம் இது: கோனைத் தளர்வாகப் பிடி. பிடிப்பு எவ்வளவு தளர்வோ அவ்வளவு கீழே அதன் இயற்கை அதிர்வெண் இறங்கும், அவ்வளவு ஆழமான பேஸ் கிடைக்கும். இதைக் கேள்விப்பட்டு வீட்டிலேயே ஸ்பீக்கர் செய்து பார்த்த ஆர்வலர்கள் விளிம்புக்கு மெல்லிய தோலை வெட்டி ஒட்டினார்கள். தோல் காய்ந்து விறைத்தால் புதிது ஒட்டிக்கொள்வார்கள். அதாவது, ஸ்பீக்கர் பிறந்த காலத்திலேயே வளையம் மாற்றுவதும் கூடவே பிறந்துவிட்டது.

அந்தக் கால ஸ்பீக்கர்களில் நிரந்தரக் காந்தம்கூடக் கிடையாது. போதுமான வலுவுள்ள காந்தம் மலிவாகக் கிடைக்காததால் மின்காந்தம்தான் வைத்தார்கள். அந்தச் சுருள் எரிந்துபோனால் திரும்பச் சுற்றுவார்கள். கோன் கிழிந்தால் புதுக் கோன் ஒட்டுவார்கள். ரேடியோ ரிப்பேர்க் கடைகளில் இது அன்றாட வேலை. தூக்கி எறிவது என்ற பேச்சே இல்லை.

பிறகு பெரிய கம்பெனிகள் சுலபமான வழி கண்டுபிடித்தன. வளையத்தைத் தனியாக ஒட்டுவானேன்? கோன் செய்கிற காகிதக் கூழிலேயே விளிம்பை மடிப்பு மடிப்பாக அழுத்திவிட்டால் ஆயிற்று! மலிவு, உறுதி, பல பத்தாண்டுகள் உழைக்கும். ஆனால் விறைப்பு. ஆழமான பேஸ் வேண்டுமென்றால் பெட்டியைப் பிரமாண்டமாகச் செய்ய வேண்டும். 1946-ல் பால் கிளிப்ஷ் விற்க ஆரம்பித்த கிளிப்ஷ்ஹார்ன் என்ற ஸ்பீக்கரைப் படத்தில் பார்த்தால் பீரோ என்றுதான் நினைப்பீர்கள். அறையின் மூலை முழுவதையும் அடைத்துக்கொள்ளும்.

மெத்தை உறையில் பிறந்த புரட்சி

இனிமேல்தான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

எட்கர் வில்ச்சர் (1917-2011) நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலிப்பதிவு, ஒலிபெருக்கம் பற்றி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவர். பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் அவரிடம் இல்லை. வுட்ஸ்டாக்கில் இருந்த வீடுதான் கூடம். அவர் மண்டையைக் குடைந்த கேள்வி இது: ஸ்பீக்கர்கள் பேஸில் ஏன் இவ்வளவு சிதைக்கின்றன? விடை: பிடித்திருக்கும் வளையமும் ஸ்பைடரும் நல்ல ஸ்பிரிங் கிடையாது. கொஞ்சம் இழுத்தால் கொஞ்சம் எதிர்க்கும். இரண்டு மடங்கு இழுத்தால் மூன்று மடங்கு எதிர்க்கும். அந்தக் கோணல் அப்படியே சத்தத்தில் வரும்.

சரி, ஒழுங்கான ஸ்பிரிங் எங்கே கிடைக்கும்? காற்று! மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றை அழுத்தினால் அது திருப்பித் தள்ளும். இந்த அளவு சின்ன அசைவுகளில் ரொம்ப ஒழுங்காகத் தள்ளும். சைக்கிள் பம்ப்பின் வாயை விரலால் மூடிக்கொண்டு அழுத்திப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆகவே வில்ச்சரின் யோசனை: வளையத்தையும் ஸ்பைடரையும் கொழகொழவென்று தளர்த்திவிடு, ஸ்பிரிங் வேலையைப் பெட்டிக்குள் இருக்கும் காற்று பார்த்துக்கொள்ளட்டும். இதில் ஒரு வேடிக்கை, பெட்டி சின்னதாக இருந்தால்தான் காற்று ஸ்பிரிங்காக வேலை செய்யும். அதுவரை எல்லோரும் பெட்டியைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். இவர் சிறிதாக்கினார்.

சோதித்துப் பார்க்க அப்படித் தளர்வான ஸ்பீக்கர் எந்தக் கடையிலும் கிடைக்காது. அதனால் தன்னிடம் இருந்த 12 அங்குல வெஸ்டர்ன் எலக்ட்ரிக் ஸ்பீக்கரை எடுத்து, அதன் விறைப்பான விளிம்பை வெட்டிவிட்டார். யுத்த காலத்தில் வரைபட வேலை பார்த்தவர் அவர் மனைவி ரோஸ்மேரி. அவர் அளவெடுத்து மாதிரி வரைந்து, மெத்தை உறைத் துணியில் புது வளையம் செய்து கொடுத்தார். கேட்டுப் பார்த்தால் அந்தச் சின்னப் பெட்டியிலிருந்து அப்படியொரு பேஸ்!

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். வில்ச்சர் தம்பதி செய்தது என்ன? பழைய ஸ்பீக்கர் ஒன்றின் வளையத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புது வளையம் ஒட்டினார்கள். இன்றைக்கு ரிப்பேர் கடையில் செய்கிற அதே வேலை! இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான வீட்டு ஸ்பீக்கர் ஒரு ரிப்பேர் வேலையாகத்தான் பிறந்தது.

இந்தக் கண்டுபிடிப்பைப் பெரிய கம்பெனிகளிடம் விற்கப் போனார். யாரும் வாங்கவில்லை. அப்போது அவர் வகுப்பில் இருந்த மாணவர் ஹென்றி கிளாஸ். ராணுவச் சேவையில் இருந்துகொண்டே படித்தவர். மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜில் அவருக்குப் பட்டறை வசதி இருந்தது. 1954-ல் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து அக்கூஸ்டிக் ரிசர்ச் என்ற கம்பெனியை ஆரம்பித்தார்கள். சுருக்கமாக ஏ.ஆர். அதே வருடம் அக்டோபரில் நியூயார்க் ஆடியோ கண்காட்சியில் ஏ.ஆர்.-1 வெளிவந்தது. விலை 185 டாலர். (வகுப்பில் தூங்கும் நண்பர்கள் கவனிக்கவும்: வாத்தியாரோடு சேர்ந்து கம்பெனி ஆரம்பிக்கலாம்!)

1958-ல் ஏ.ஆர்.-3 வந்தது. வூஃபரோடு குவிமாட வடிவ ட்வீட்டரும் மிட்ரேஞ்சும் சேர்ந்தது. சரியாக அந்தச் சமயத்தில்தான் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் விற்பனைக்கு வந்தன. ஸ்டீரியோவுக்கு இரண்டு ஸ்பீக்கர் வேண்டும். அறைக்குள் இரண்டு பீரோ வைக்க யார் வீட்டில் இடம் இருக்கிறது? புத்தக அலமாரி அளவு பெட்டிக்குக் கேட்கவா வேண்டும்! 1966 வாக்கில் அமெரிக்க வீட்டு ஸ்பீக்கர் சந்தையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏ.ஆர். கையில் இருந்தது. வில்ச்சரின் காப்புரிமை ஒரு வழக்கில் செல்லாது என்றானபோது அவர் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. எல்லாக் கம்பெனிகளும் அதே முறையைப் பின்பற்றின. கிளாஸும் 1957-லேயே பிரிந்து போய் கே.எல்.எச்., பிறகு அட்வென்ட் என்று அடுத்தடுத்துக் கம்பெனிகள் தொடங்கினார். சின்னப் பெட்டி, தளர்ந்த வளையம் என்பதே பொது வழக்கமாகிவிட்டது.

ஃபோம் என்ற மாயப் பொருள்

ஏ.ஆரின் ஆரம்ப கால வளையங்கள் துணிதான். துணியில் காற்று கசியக்கூடாது என்று ஒரு பிசின் பூசுவார்கள். பூச்சின் அளவு கூடினால் விறைக்கும், குறைந்தால் கசியும். கைவேலை அதிகம்.

அறுபதுகளில் புதுப்பொருள் ஒன்று கைக்கு வந்தது. பாலியூரிதேன் நுரை, நம் பேச்சில் ஃபோம். 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் குழு கண்டுபிடித்த வேதியியலில் இருந்து வந்தது. மெத்தை, கார் சீட் என்று எங்கும் பரவியிருந்தது. ஸ்பீக்கர் செய்பவர்களுக்கு இது வரப்பிரசாதம். எடையே இல்லை. சூடாக்கி அச்சில் அழுத்தினால் அரைவட்ட மேடாக வந்துவிடும். கோனில் ஓடிவரும் அதிர்வை விளிம்பிலேயே உறிஞ்சிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, மலிவு. அறுபதுகளின் கடைசியில் தொடங்கி எழுபது, எண்பதுகளில் அமெரிக்கா, ஜப்பான், ஐரோப்பா எங்கும் ஃபோம் வளையம் குவிந்தது. அட்வென்ட் ஸ்பீக்கர்கள், ஏ.ஆரின் பிந்தைய வூஃபர்கள், பெரியப்பா வாங்கிய ஜோடி, எல்லாமே ஃபோம்தான்.

ஏ.ஆர். தன் ஸ்பீக்கர்களுக்கு ஐந்து வருட உத்தரவாதம் கொடுத்தது. தொழிற்சாலைக்கு அனுப்பி வாங்குகிற செலவுகூடக் கம்பெனியுடையது. அந்த ஐந்து வருடத்தில் ஃபோமுக்கு ஒன்றும் ஆகாது. பத்து, பதினைந்து, இருபது வருடம் கழித்துத்தான் ஆகும். அப்போது உத்தரவாதம் எங்கே, கம்பெனி எங்கே!

ஏன் உதிர்கிறது?

கெமிஸ்ட்ரி பிடிக்காதவர்கள் இரண்டு பத்தி தாண்டிக்கொள்ளலாம்.

இந்த வளையங்களில் பெரும்பாலும் இருப்பது பாலியெஸ்டர் வகைப் பாலியூரிதேன். நீண்ட சங்கிலிபோல் கோத்த மூலக்கூறுகள். அந்தச் சங்கிலியில் எஸ்டர் என்ற கண்ணிகள் இருக்கின்றன. காற்றில் இருக்கும் ஈரம் அந்தக் கண்ணியை வெட்டிவிடும். வெட்டினால் அங்கே ஓர் அமிலம் உண்டாகும். அந்த அமிலம் அடுத்த கண்ணியை இன்னும் வேகமாக வெட்ட உதவும். ஆகவே முதல் பத்து வருடம் ஒன்றுமே தெரியாது. அப்புறம் கிடுகிடுவென்று சரியும். அதுவும் நுரை என்பதால் உள்ளே முழுக்க நுண்ணிய அறைகள், ஈரம் நுழைய ஆயிரம் வாசல். வெயிலும் வெப்பமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கடற்கரை ஊரின் புழுக்கத்தில் பெரியப்பாவின் ஸ்பீக்கர் இத்தனை நாள் தாங்கியதே பெரிது!

இதில் மனசுக்குக் கஷ்டமான உண்மை ஒன்று இருக்கிறது. உபயோகித்ததால் தேயவில்லை. பெட்டியைப் பிரிக்காமல் பத்திரமாக மூடி வைத்திருந்தாலும் ஃபோம் உதிரத்தான் செய்யும். "தொடாத, தொடாத" என்று பாதுகாத்ததில் வளையத்துக்குப் பிரயோஜனமில்லை. அருங்காட்சியகங்களுக்கும் இதே தலைவலி இருக்கிறது. அறுபதுகளில் ஃபோமில் செய்த சிற்பங்களும் நாற்காலிகளும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தபடியே பொடியாகின்றன.

ஒப்பிட்டுப் பார்க்க ஜே.பி.எல். எல்-100 நல்ல உதாரணம். 1970-ல் வந்த புகழ்பெற்ற வீட்டு ஸ்பீக்கர். அதன் வூஃபர் வளையம் பிசின் பூசிய பழைய மடிப்பு முறை. இன்றும் பலவற்றில் நன்றாக இருக்கிறது. ஆனால் முன்பக்கம் அழகுக்காகக் கட்டம் கட்டமாக வைத்த மூடி ஃபோம்! அது மட்டும் உதிர்ந்துபோனது. பிழைத்தது பழைய முறை, போனது புதிய பொருள்.

வளையம் மட்டுமா?

பழைய ஸ்பீக்கரில் காலம் தின்னும் பாகங்கள் இன்னும் சில உண்டு.

முதலாவது கெப்பாசிட்டர். பேஸை வூஃபருக்கும் கீச்சு ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்புகிற கிராஸ்ஓவரில் இருப்பது. எலக்ட்ரோலைட்டிக் வகையாக இருந்தால் உள்ளிருக்கும் திரவம் காய்ந்து அதன் மதிப்பு விலகும், மின்தடை கூடும். சத்தம் மங்கலாகும். சாகாது, சோர்ந்து போகும். அதனால் பலருக்குத் தெரியவே தெரியாது.

இரண்டாவது ஃபெர்ரோஃப்ளூயிட், அதாவது காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் திரவம். 1963-ல் நாசாவில் ஸ்டீவ் பேப்பெல் என்பவர் கண்டுபிடித்தார். எடையற்ற விண்வெளியில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் இழுத்து வர முடியுமா என்று பார்ப்பதற்காக! ராக்கெட்டில் ஏறவில்லை, எழுபதுகளில் ட்வீட்டருக்குள் ஏறியது. சுருளின் வெப்பத்தைக் கடத்தி, ஆட்டத்தை அடக்கும். பல வருடம் கழித்துக் கெட்டியாகிக் கோந்து மாதிரி ஆகிவிடும். சுத்தமாகத் துடைத்துப் புதிதாக விட வேண்டும்.

மூன்றாவது பின்பக்கக் குமிழ்கள். ஏ.ஆர்.-3, 3ஏ ஸ்பீக்கர்களில் ட்வீட்டர் அளவைக் கூட்டிக் குறைக்க வைத்தவை. உள்ளே பாசி பிடித்த மாதிரி களிம்பேறி, "ட்வீட்டர் செத்துப்போச்சு" என்று நினைக்க வைக்கும். உண்மையில் ட்வீட்டர் சும்மா இருக்கும், குமிழ்தான் வழியை அடைத்துக்கொண்டிருக்கும்.

காந்தத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அல்னிகோ காந்தத்துக்குக் கோபால்ட் வேண்டும். 1978-ல் ஜயர் நாட்டின் ஷாபா பகுதியில் நடந்த சண்டையால் கோபால்ட் விலை எகிறியது. ஜே.பி.எல். போன்ற கம்பெனிகள் ஃபெரைட் காந்தத்துக்கு மாறின. ஆப்பிரிக்காவில் ஒரு சண்டை, அமெரிக்காவில் ஸ்பீக்கரின் காந்தம் மாறுகிறது!

எப்படி மாற்றுகிறார்கள்?

வளையம் மாற்றும் வேலை பார்க்க எளிது, செய்ய நடுக்கம். உதிர்ந்த ஃபோமையும் பழைய பசையையும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்டுப் பொறுமையாகச் சுரண்ட வேண்டும். அவசரப்பட்டால் கோன் கிழியும். பிறகுதான் கண்டம்: கோனைச் சரியாக நடுவில் நிறுத்துவது. இதற்கு இரண்டு வழி.

பழைய வழி, நடுவில் இருக்கும் தூசிமூடியை வெட்டி எடுத்துவிட்டு, சுருளுக்கும் காந்தத் தண்டுக்கும் இடையில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டுகளைச் சுற்றிலும் செருகுவது. சுருள் அசையாமல் நடுவில் நிற்கும். வளையத்தை ஒட்டி, காய்ந்த பிறகு துண்டுகளை உருவிவிட்டு மூடியைத் திரும்ப ஒட்ட வேண்டும்.

இன்னொரு வழி, மூடியைத் தொடாமலே வளையத்தை முதலில் கோனில் ஒட்டிக் காயவிடுவது. பிறகு வெளி விளிம்பை ஒட்டும்போது ஆம்ப்ளிஃபயரில் 30 ஹெர்ட்ஸ் ஒலியை மெதுவாக ஓடவிட்டு, உரசல் கேட்காத இடத்தில் நிறுத்திப் பிடிப்பது. காது இருந்தால் போதும், ஆனால் கை நடுங்கக் கூடாது.

அட, எந்த வளையம் கிடைத்தாலும் ஒட்டிவிடலாமா? புது வளையத்தின் விறைப்பு மாறினால் ஸ்பீக்கரின் குணம் மாறாதா? நியாயமான கேள்வி. இங்கேதான் வில்ச்சர் மறுபடியும் வருகிறார். அவர் முறையில் செய்த பெட்டியில் ஸ்பிரிங் வேலையில் முக்கால் பங்குக்கு மேல் காற்றுடையது. வளையம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் வராது. தன் பலவீனமான பாகத்தைத் தானே மன்னித்துக்கொள்ளும் வடிவமைப்பு! பெட்டியில் ஓட்டை வைத்த வகை ஸ்பீக்கர்களுக்கு இந்தச் சலுகை இவ்வளவு கிடையாது. அவற்றுக்கு ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-லும், ரிச்சர்ட் ஸ்மால் எழுபதுகளின் தொடக்கத்திலும் வகுத்த அளவுகள் கைகொடுக்கின்றன. மாற்றிய பிறகு அளந்து பார்த்து, முன்பிருந்த எண்ணுக்குப் பக்கத்தில் வந்திருக்கிறதா என்று சொல்லிவிடலாம்.

எல்லாவற்றையும் மாற்ற முடியாது என்பதற்கும் உதாரணம் உண்டு. யமஹா என்.எஸ்.-10, 1978-ல் வீட்டுக்காக வந்து ஒலிப்பதிவுக் கூடங்களில் புகழ் பெற்றது. 2001-ல் தயாரிப்பை நிறுத்தினார்கள். காரணம், அதன் வெள்ளைக் கோனுக்கான மரக்கூழ் இனிமேல் கிடைக்காது என்பதுதான். வளையத்தைப் போலச் செய்துவிடலாம். காகிதத்தைப் போலச் செய்வது கஷ்டம்.

அசலா, நகலா?

வளையம் புதிது, கெப்பாசிட்டர் புதிது, திரவம் புதிது. அப்புறம் அது அதே ஸ்பீக்கர்தானா? அசலில் இருந்ததை மாற்றவே கூடாது என்பவர்கள் இருக்கிறார்கள். ஃபோமுக்குப் பதில் ரப்பர் போட்டால் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் எடை கூடி ஒலி சற்று மாறும் என்று வாதாடுபவர்களும் இருக்கிறார்கள்.

எனக்குத் தோன்றுவது இது. வீணையில் நரம்பு மாற்றுகிறோம், மிருதங்கத்துக்குத் தோல் மாற்றுகிறோம். அதனால் அது வேறு மிருதங்கம் என்று யாரும் சொல்வதில்லை. ஸ்பீக்கரிலும் தேயக்கூடிய தோல் ஒன்று உண்டு என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் அதை மாற்றிக்கொண்டே தலைமுறை தலைமுறையாகக் கேட்டிருப்போம். யாரும் சொல்லவில்லை. அதனால் நல்ல காந்தமும் நல்ல மரமும் நல்ல கோனும் இருந்தும், ஐம்பது கிராம்கூடத் தேறாத ஒரு வளையத்துக்காக எத்தனையோ ஸ்பீக்கர்கள் குப்பைக்குப் போயின. எனக்கு வருத்தம் அதில்தான். பாகம் கெட்டுப்போனது தப்பில்லை. பாகம்தான் கெட்டது என்று தெரியாமல் முழுசையும் எறிந்ததுதான் தப்பு.

கடைசியாக...

பழைய இரும்புக் கடைக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அளவு எடுத்து, வளையம் வரவழைத்து, முதல் ஸ்பீக்கரைச் சொதப்பி (கோன் சாய்ந்து உரசியது, பிய்த்துத் திரும்ப ஒட்டினேன்), இரண்டாவதை ஒழுங்காக ஒட்டினேன். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டோம். ஒன்றரை வோல்ட் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தேன். கோன் மெல்ல முன்னால் வந்து நின்றது. அந்த ஒரு கணத்துக்காக எவ்வளவு வேண்டுமானாலும் சுரண்டலாம்!

பெரியப்பா காருகுறிச்சியார் நாதஸ்வரம் போடச் சொன்னார். இப்போது அவர் காதில் ஹியரிங் எய்டு. "நல்லாருக்காலே? எனக்கு மேல்ஸ்தாயி அவ்வளவா கேக்காது, தவுல் கேக்கு" என்றார். பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

படித்ததில் கடைசித் துணுக்கு ஒன்று. 1967-ல் ஏ.ஆரை டெலிடைன் கம்பெனிக்கு விற்றுவிட்டு வெளியேறிய வில்ச்சர் என்ன செய்தார் தெரியுமா? காது கேளாதவர்களுக்கான ஆராய்ச்சி. மெல்லிய ஒலியைத் தூக்கி, பெரிய ஒலியை அடக்கி, ஒவ்வோர் அலைவரிசையையும் தனித்தனியாகக் கையாளும் முறையை 1973-ல் வெளியிட்டார். அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டார். பிறகு வந்த ஹியரிங் எய்டுகளின் அடிப்படைகளில் ஒன்று அது. ஆக, அன்று மாலை பெரியப்பாவின் பெட்டியிலும் காதிலும் ஒரே மனிதரின் வேலைதான் ஓடிக்கொண்டிருந்தது.

உங்கள் வீட்டு மச்சிலும் இப்படி ஏதாவது கிடந்தால், விலைக்குப் போடும் முன் முன்பக்கத் துணியைக் கழற்றி ஒருதரம் பாருங்கள். தொட்டால் மட்டும் மெதுவாகத் தொடுங்கள்! தப்பு ஏதும் எழுதியிருந்தால் பின்னூட்டத்தில் திருத்துங்கள், தெரிந்துகொள்கிறேன். அடுத்த கட்டுரை பரீட்சைக்கு அப்புறம்தான்.